கேசட்டில் பேசிய வெள்ளைக்காரி

போடியில் நடக்கும் ஏலக்காய் ஏலத்துக்கு நான் போனால் வியாபாரிகள் எழுந்து நாற்காலி போடுவார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்ற பொம்பளை, குரங்கணிக்கு மேலே இரண்டு தோட்டம் வாங்கி வைத்திருக்கிறேன். யானை இறங்கிய பாதையில் தனியாக நடந்திருக்கிறேன். அப்பேர்ப்பட்ட என்னைப் பத்து வயதில் பாவாடை நனைய வைத்தது இங்கிலீசு.

அம்மாவின் தம்பி லண்டனில் படித்துக்கொண்டிருந்தார். அக்காவுக்கு அந்த மாமாதான் மாப்பிள்ளை என்று அவள் சடங்கன்றே பேசி முடித்தாயிற்று. மாமாவுக்குக் கடிதம் எழுதச் சோம்பல். ஊருக்கு வருகிற ஆள் யாராவது கிடைத்தால் கேசட்டில் பேசிக் கொடுத்தனுப்புவார். அதைப் போட்டுக் கேட்க எங்களிடம் பெட்டி கிடையாது. குரங்கணிக்கு ஜீப்பு ஓட்டிய ஒன்றுவிட்ட அத்தை மகன்தான் தன் டேப்ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வருவார். பக்கத்திலேயே உட்கார்ந்து அவரே பட்டனை அமுக்குவார், மற்றவர்களைத் தொட விடமாட்டார். அந்தப் பெட்டியில் எல்லாக் குரலும் கீச்சென்றுதான் வரும்.

அன்று வந்த கேசட்டில் மாமா முதலில் தமிழில் பேசினார். வகுப்பில் படிக்கிற இங்கிலீசு வாயில் வரமாட்டேனென்கிறதாம். வெளி ஆட்களோடு பேசிப் பழகு என்று வாத்தியார் சொல்லிவிட்டாராம். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு வீட்டுக்குப் போய்ப் பேசுகிறேன், நான் பேசுகிற அழகைக் கேளுங்கள் என்றார். அப்புறம் மாமா திக்கித் திக்கி இங்கிலீசில் ஏதோ கேட்க, ஒரு பெண் சிரித்துச் சிரித்துப் பதில் சொன்னாள்.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா என் பக்கம் திரும்பினார்.

"நீதேன் இங்கிலீசுல பொளந்து கட்டுவியே. என்ன பேசுறாக, சொல்லு."

தப்பு என்மேல்தான். வீட்டுக்கு யார் வந்தாலும் வாயில் வந்ததையெல்லாம் இங்கிலீசு என்று அடித்துவிடுவேன். எனக்குத் தெரிந்தது குட்மார்னிங்கும் நாலு நிறத்தின் பெயரும்தான். தெரியாது என்றால் இத்தனை நாள் பொய்க்கும் சேர்த்துத் தோல் உரியும். தொடையில் சூடாக இறங்கியது தெரிந்தும் அசையாமல் நின்றேன்.

"ஊருக்குப் போகாத, என்னையக் கட்டிக்கிட்டு இங்கனயே இருங்குது. மாமா சரிங்கிறாரு."

வாயை மூடின பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே புரிந்தது. அப்பாவின் கண் சிவந்துவிட்டது. அடுப்படி வாசலில் அக்கா நின்றாள், பத்தாவது வரை படித்தவள். கட்டிக்கொள்ளப் போகிறவளிடம் கேட்பதற்கு அதுவரை கூச்சப்பட்ட அப்பா, இப்போது கேட்டார்.

"இவ சொல்றது நெசமா ஆத்தா?"

செத்தேன் என்று நினைத்தேன். அக்காவின் வாயையே பார்த்தேன். கேசட் ஓடி முடிந்து பெட்டி டக்கென்று நின்றது.

"சரியாத்தேன் சொல்றாப்பா."

மறுநாளே அப்பா அம்மாவைப் பெற்ற பாட்டன் வீட்டுக்குப் போய்ச் சம்பந்தத்தை முறித்துவிட்டு வந்தார். வைராக்கியத்தில் அடுத்த தையிலேயே அக்காவை ஜீப்பு ஓட்டுகிறவருக்குக் கொடுத்தார். எனக்கு அன்று பிடித்த நடுக்கம் விடவில்லை. தெருவில் யாருக்கு நீல நிற ஏர்மெயில் வந்தாலும் கொல்லைப்புறம் ஓடிவிடுவேன்.

இரண்டு வருடம் கழித்து மாமா வந்து இறங்கினார். நான் ஏலக்காய் மூட்டைகளுக்குப் பின்னால் போய்ப் பதுங்கிக்கொண்டேன். அவர் ஒரு போட்டோவை எடுத்து அப்பாவிடம் நீட்டியது மூட்டை இடுக்கில் தெரிந்தது. நாற்காலியில் தடியைச் சாய்த்து உட்கார்ந்த எழுபது வயது வெள்ளைக்காரக் கிழவி, மடியில் நாய்.

"இந்தம்மாதேன் எனக்குப் பேசக் கத்துக்குடுத்துச்சு மச்சான். கல்யாணம் எப்ப, பொண்ணுக்கு என்ன கலர் பிடிக்கும்னு வாரந்தவறாமக் கேக்கும்."

அப்பா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் மூட்டை இடுக்கில் இன்னும் ஒடுங்கினேன். இடுப்பில் பிள்ளையோடு வந்திருந்த அக்கா குறுக்கே வந்து, "சின்னப்புள்ள அது, விடுங்கப்பா" என்றாள். மாமா அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்.

என்னை அடியிலிருந்து காப்பாற்றத்தான் அக்கா அன்று பொய் சொன்னாள் என்று வெகுகாலம் நம்பினேன். அந்த நன்றிக்காக அவள் வீட்டுக்குத் தண்ணீர்கூடச் சுமந்தேன். இத்தனைக்கும் பதில் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவே இல்லை. பெட்டியின் பட்டன்மேல் இருந்த அத்தை மகனின் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பாவம், அக்காவுக்கும் அந்தப் பெட்டியைக் கண்டால் பயம் போலிருக்கிறது என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.