ஓசூரில் யார் இருப்பார்கள்

ஓசூருக்கு இனி வரும் இருபது ஆண்டுகளில் என்னென்ன வேண்டும் என்று வளர்ச்சித் திட்டம் வகுக்கும் வேலை சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்துக்குக் கிடைத்தது. அந்த வேலையோடு வந்தவள் பூங்கொடி. புதுத் தொழிற்பேட்டை எந்தப் பக்கம், லாரிகள் ஊருக்குள் நுழையாமல் எங்கே திரும்புவது என்பதையெல்லாம் மற்றவர்கள் பார்த்தார்கள். தொழிலாளர்களைச் சந்தித்து அவர்களுக்கு என்ன தேவை என்று கேட்டு எழுதுவது அவள் பங்கு.

அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரி, நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். திருமணம் சீக்கிரமே முறிந்துவிட்டது. அம்மா இருந்தவரை பொங்கலுக்கு ஊருக்குப் போவாள். அம்மா போன பிறகு தம்பி வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டினான். அதில் அவளுக்கு ஹாலில் பாய் விரித்தார்கள். யாரும் மரியாதைக் குறைவாக நடக்கவில்லை. ஆனாலும் அடுத்த வருடம் அவள் போகவில்லை.

ஓசூரை ஒட்டிய ஜூஜுவாடியில், நாராயணம்மா என்பவர் வரிசையாக ஒற்றை அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருந்த லைன் வீட்டில், மாடி அறையை வாடகைக்கு எடுத்திருந்தாள். நேர் கீழே மாடசாமி இருந்தார். கோவில்பட்டிக்காரர். மனைவியையும் மகனையும் ஊரில் விட்டுவிட்டு வந்து, ஒரு கம்பெனியில் தகடு அடிக்கும் பிரஸ் மெஷின் ஓட்டியே தலை நரைத்தவர்.

பூங்கொடி கம்பெனி வாசல்களிலும் டீக்கடைகளிலும் பாகலூர் சாலைக் குடியிருப்புகளிலும் ஆட்களைப் பிடித்துப் பேசினாள். தண்ணீர், பஸ், ஆஸ்பத்திரி என்று எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில், "இருபது வருஷம் கழிச்சு எங்க இருப்பீங்க?" என்பாள். கொஞ்சமும் யோசிக்காமல் பதில் வரும்: ஊரில். விழுப்புரத்துப் பையனும் அதையே சொன்னான், ஒடிசாவிலிருந்து வந்த பெண்ணும் அதையே சொன்னாள். மாடசாமி சிரித்தேவிட்டார்.

"நான் எதுக்குத் தாயி இங்கன கெடக்கப் போறேன்? வேல முடிஞ்சா மறுநாளே பஸ் ஏறிருவேன்."

"எத்தனையோ வருஷமா இருக்கீங்களே அண்ணாச்சி?"

"இருந்தா? இது நம்ம ஊராயிருமா?"

சென்னையிலிருந்த மேலதிகாரி ஆனந்தராஜிடம் அவள் போனில் சொன்னாள். "சார், மக்கள்தொகை ரெண்டு மடங்காகும்னு போட்டிருக்கோம். ஆனா இங்க இருக்கப்போறேன்னு ஒருத்தர்கூட சொல்லல."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க, பூங்கொடி. கம்பெனி எங்கயோ ஜனம் அங்க. நம்பர மாத்தாதீங்க."

அவர் சொன்னதில் தப்பில்லை என்று அவளுக்கும் தெரிந்தது. அன்று சமைக்கப் பிடிக்கவில்லை. நெடுஞ்சாலை மேம்பாலத்தடியில் நின்று, அத்திப்பள்ளிப் பக்கம் போகும் கம்பெனி பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லா ஜன்னலிலும் தலை சாய்த்துத் தூங்கும் முகங்கள். அந்த ஊரில் அவள் பெயர் சொல்லிக் கூப்பிட ஒருவரும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

கோடையில் மாடசாமி ஓய்வுபெற்றார். சொன்னபடியே கட்டிலை நாராயணம்மாவுக்குக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினார். மழைக்காலம் தொடங்கியபோது ஒரு காலை பூங்கொடி படியிறங்கினால், அதே அறை வாசலில் அவர் பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணாச்சி, எதையாச்சும் விட்டுட்டுப் போயிட்டீங்களா?"

வாய் கொப்பளித்துவிட்டு வந்தார். "இருக்க முடியல தாயி. மகன் நல்லவன்தான். மருமகளும் சோறு போடுதா. ஆனா நான் வீட்டுக்குள்ள நுழைஞ்சா பேச்சு நின்னுருது. கூடப் படிச்சவங்கள்ல பாதிப் பேரு இப்ப உசுரோட இல்ல. எம் பொண்டாட்டிக்கே நான் விருந்தாளி மாதிரிதான். 'எப்பப் போறீங்க'ன்னு பழக்கத்துல கேட்டுட்டா. அப்புறம் அழுதா."

"இங்க யாரு இருக்கா உங்களுக்கு?"

"இங்கயும் யாருமில்ல. ஆனா யாரும் பேச்ச நிறுத்த மாட்டாங்க."

நாராயணம்மா கட்டிலைத் திருப்பிக் கொடுத்தார். "இவரு வருவாருன்னு எனக்குத் தெரியும்மா. ரூமக் கூட்டித்தான் வெச்சிருந்தேன்," என்றார்.

அந்த வாரம் பூங்கொடி திட்ட அறிக்கையில் தன் அத்தியாயத்தை முழுக்கத் திருத்தி எழுதினாள்: போய்விடுவோம் என்று நினைத்தபடியே இங்கே முதுமை அடைபவர்கள் பலர் இருப்பார்கள். தனியாக இருப்பவர்களுக்குக் குறைந்த வாடகையில் வீடு வேண்டும், பகலில் உட்கார்ந்து பேச இடம் வேண்டும், இறந்தால் எரிக்க இங்கேயே வசதி வேண்டும். ஆனந்தராஜ் கடைசி வரியை எடுத்துவிடச் சொன்னார். "வளர்ச்சித் திட்டத்துல சுடுகாடு எதுக்கு?" அவள் மறுத்தாள். முடிவில் அத்தியாயம் ஒரு பத்தியாகச் சுருங்கியது. அந்தப் பத்தியில் வாடகை வீடும் பேச இடமும் மிஞ்சின. திட்டம் ஒப்படைக்கப்பட்டது. அவற்றை யாராவது கட்டுவார்களா என்று அவளுக்குத் தெரியாது.

நிறுவனம் அடுத்து திருச்சி வேலைக்கு அழைத்தது. அவள் போகவில்லை. ஓசூரிலேயே ஒரு கம்பெனியில் தொழிலாளர் நல அலுவலராகச் சேர்ந்தாள். ஏன் என்று தம்பி கேட்டதற்கு, "இங்க பழகிருச்சு" என்று மட்டும் சொன்னாள்.

தீபாவளிக்கு லைன் வீடே காலியானது. அறைகளெல்லாம் பூட்டிக் கிடந்தன. காலையில் அவள் கேசரி கிண்டி, ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு கீழே போனாள். மாடசாமி புதுச் சட்டையைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"உக்காரு தாயி," என்று சற்று நகர்ந்துகொண்டார்.

கிண்ணத்தை அவரிடம் கொடுத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். மழை தூறிக்கொண்டிருந்தது. கேசரியில் முந்திரி போட மறந்துவிட்டதை அவள் சொன்னாள். பரவாயில்லை என்றார் அவர்.