ஷாஹீதாவும் பன்னீர் தெளித்த ஹார்ட் டிஸ்க்கும்

காலையில் காபியை நிம்மதியாகக் குடிக்க விடமாட்டாள் ஷாஹீதா. விடிந்ததும் விடியாததுமாகப் போன் அடிக்கும். பெரியவருக்கு ராத்திரி இன்னும் கொஞ்சம் சீக்கு கூடியிருக்கிறது, பெட்டி பக்கம் போனால் காதைக் கொடுத்து ஏதும் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள் டீச்சர் என்பாள். பெரியவர் என்றால் மனிதர் இல்லை. எங்கள் செவிநூல் நிலையத்துக் கம்ப்யூட்டருக்குள் கிடக்கும் பழைய ஹார்ட் டிஸ்க். என் வீட்டுக்காரர் நாகசுப்பிரமணியன் ஒருநாள், எந்த ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாமா என்று கேட்டேவிட்டார்.

செவிநூல் நிலையம் பழங்காநத்தத்தில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் இருக்கிறது. பார்வையில்லாத பிள்ளைகளுக்காகப் பாடப்புத்தகங்களை வாய்விட்டு வாசித்து ஒலிப்பதிவு செய்து தருகிறோம். நான் ராதாமணி, பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவள். வாசிக்க வருகிறவர்களின் லகர ளகரத்தைத் திருத்திக் கெட்ட பெயர் வாங்குவது என் வேலை. பதிவு செய்கிறவன் அழகுபாண்டி, ஆனையூரிலிருந்து வருகிறான், தங்கமான பிள்ளை. கம்ப்யூட்டருக்கு ஒன்று என்றால் ஷாஹீதா.

அவள் காஜிமார் தெருக்காரி. அவளுடைய அத்தா பீர் முகமது அத்தரும் தொப்பியும் விற்கிறவர். கம்ப்யூட்டர் படித்துவிட்டு ஒரு கம்ப்யூட்டர் கடையில் பில் போடப் போனவள், பில் போட்ட நேரம் போக ரிப்பேருக்கு வந்த பெட்டிகளை எல்லாம் பிரித்துப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். முதலாளி கடையைக் கட்டிக்கொண்டு கோயம்புத்தூர் போனபோது வாடிக்கைக்காரர்கள் அவளோடு நின்றுவிட்டார்கள். ஒரு ஜவுளிக்கடை, ஒரு ஸ்கேன் சென்டர், ஒரு வெங்காய மண்டி, அப்புறம் நாங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே ஸ்கூட்டியில் அலைவாள். புருஷன் முகமது ஆசிப் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். அவள் வரத் தாமதமானால் அவரே உலை வைத்துவிடுவார், அவர் வைக்கிற ரசம்தான் பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று கொஞ்சமும் கூச்சமில்லாமல் சொல்வாள். அடக்கம் என்பதெல்லாம் அவளிடம் கிடையாது. தான் பார்க்கிற பெட்டி எதிலும் இதுவரை ஒரு துரும்பு தொலைந்ததில்லை என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையடிப்பாள். எனக்கு எரிச்சலாக இருக்கும், ஆனால் அது உண்மைதான்.

டிஸ்க் ஒவ்வொன்றும் தன் உடம்பைத் தானே கணக்குப் பார்த்துக்கொள்ளுமாம். எழுத முடியாமல் கெட்டுப்போன இடங்களை ஒதுக்கிவிட்டு, எத்தனை ஒதுக்கினேன் என்று குறித்தும் வைக்குமாம். அந்தக் கணக்கு தினமும் காலையில் அவள் போனுக்கு வந்துவிடும்படி செய்து வைத்திருந்தாள். சொத்தைப் பல் மாதிரி, ஒன்று வந்தால் பக்கத்திலும் வரும் என்பாள். எங்கள் பெரியவருக்கு அந்த எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. புது டிஸ்க்குக்குச் சொல்லியாயிற்று, பூஜை விடுமுறை கழிந்து வந்துவிடும், அதுவரை பெட்டியை யாரும் அணைக்கவே கூடாது என்று உத்தரவு போட்டிருந்தாள். வருஷக்கணக்காக ஓடிக்கொண்டிருக்கிற கிழட்டு டிஸ்க்கை நிறுத்தினால் திரும்பச் சுற்றாமல் போகலாமாம்.

இது போக, எல்லாப் பதிவையும் நகலெடுக்க இரண்டு வெளி டிஸ்க்குகள். ஒன்று பெட்டியோடு சேர்ந்திருந்து அன்றாடப் பதிவை வாங்கிக்கொள்ளும், மற்றொன்று அவள் வீட்டு பீரோவில். வாராவாரம் திங்கள்கிழமை வந்து ஒன்றுக்கு ஒன்று மாற்றிக்கொண்டு போவாள். மாதம் ஒருமுறை நகலிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு ஏதாவது ஒரு பாடத்தை எடுத்து என் காதில் மாட்டிக் கேட்கச் சொல்வாள். நல்லாத்தானே இருக்கிறது, எதற்கு இந்தக் கூத்து என்று நான் சலித்துக்கொள்வேன். திரும்ப எடுத்துப் பார்க்காத நகலை நகல் என்றே தான் நம்புவதில்லை என்பாள்.

ரோகிணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாகமலை புதுக்கோட்டையில் விடுதியில் தங்கியிருக்கும் பெண், வரலாறு படித்தவள், சிறு வயதிலேயே பார்வை போய்விட்டது. ஆசிரியர் வேலைக்கான தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். போன தடவை மயிரிழையில் போயிற்று, பாளையக்காரர் பாடத்தில் ஆண்டுகளைக் குழப்பிக்கொண்டாள். இந்தத் தடவை எங்கள் பதிவுகளைக் கேட்டுக் கேட்டு, தன் குறிப்புகளைத் தன் குரலிலேயே பதிந்து வைத்தாள். அவள் போனில் இடமில்லாததால் எல்லாமே எங்கள் பெட்டியில்தான் இருந்தன. நவராத்திரி சமயம் தினமும் பஸ் ஏறி வந்து, பயந்துகொண்டிருந்த அந்தப் பாளையக்காரர் பாடத்தைப் பதிந்து முடித்தாள். தேர்வுக்கு அதிக நாள் இல்லை. அந்தக் குரல் குறிப்புகள்தான் அவளுக்குப் புத்தகம், வேறு கிடையாது.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் மாலை, நான் வீட்டுக்குக் கிளம்பிய பிறகு, அழகுபாண்டி மாடியைக் கழுவினான். மைக்கைத் துடைத்தான், நாற்காலியைத் துடைத்தான். பெட்டியை அணைக்கக் கூடாது என்று ஷாஹீதா சொன்னது அவனுக்கு நினைவிருந்ததாம். ஆனால் ஆயுத பூஜையன்று ஒரு கருவி வேலை செய்துகொண்டிருந்தால் அது பூஜையா? அக்காவுக்கு நம்ம வழக்கம் தெரியாது, பாவம், என்று நினைத்துக்கொண்டு அணைத்தான். பெட்டிக்கும் வெளி டிஸ்க்குக்கும் சந்தனம் குங்குமம் வைத்தான். ஏதோ கல்யாண வீட்டில் மிச்சமிருந்த பன்னீர் சொம்பை எடுத்து, மனமாரத் தெளித்தும் விட்டான்.

மறுநாள் காலை ஷாஹீதாவின் போனுக்குக் கணக்கு வரவில்லை. மோசமான கணக்கு வந்திருந்தால்கூட அப்படிப் பதறியிருக்க மாட்டாள். எனக்கு அடித்தாள், நான் அழகுபாண்டிக்கு அடித்தேன். பூஜைக்காக மாடிக்கு வந்திருந்தவன், பெட்டி ஓய்வெடுக்கிறது என்று சந்தோஷமாகச் சொன்னான். தான் வரும்வரை எதையும் தொட வேண்டாம் என்று ஷாஹீதா சொல்வதற்குள், என் குரலைக் கேட்டுப் பயந்துபோன அந்த மடையன் ஓடிப்போய் சுவிட்சைப் போட்டுவிட்டான். நாங்கள் இரண்டு பேரும் மாடியேறியபோது பெரியவர் டிக், டிக் என்று அடித்துக்கொண்டிருந்தார். வெளி டிஸ்க்கிலிருந்து பன்னீர் வாசனையோடு கருகல் நாற்றம் வந்தது.

அழகுபாண்டியை நான் வாங்கு வாங்கென்று வாங்கினேன். அவன் சுவரோடு ஒண்டிக்கொண்டு அழுதான். ஷாஹீதா அவன் பக்கம் திரும்பவேயில்லை. வெளி டிஸ்க்கைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னாள்.

"அவன வையாதீங்க டீச்சர். திங்கக்கிழமை மாத்திட்டுப் போயிருந்தா ஒண்ணுமே போயிருக்காது. மேலப்பாளையத்துல நிக்காஹ்னு போயிட்டேன். எம்புட்டுப் பேசுவேன், கடைசில நான்தான் வரல."

எனக்கு வைவதற்கு ஆள் இல்லாமல் போயிற்று. அவளை அந்த முகத்தோடு நான் பார்த்ததில்லை.

ஆனால் அவள் உட்கார்ந்துவிடவில்லை. ஆசிப்புக்குப் போன் போட்டு, வீட்டுக் கம்ப்யூட்டரைப் பிரித்து அதிலுள்ள டிஸ்க்கையும் பீரோவில் இருக்கும் நகலையும் கொண்டுவரச் சொன்னாள். அன்று எந்தக் கடையும் திறந்திருக்கப் போவதில்லை. ஆசிப் பிள்ளைகளோடு வேனிலேயே வந்து இறங்கினார், ரசமும் சோறும் தூக்குவாளியில் இருந்தன. பீரோ நகலைப் பெட்டியில் உடனே மாட்டுவாள் என்று நான் நினைத்தேன். மாட்டவில்லை. இருப்பது ஒன்றே ஒன்று, அதை வைத்தே வேலை பார்த்து அதுவும் போனால் அவ்வளவுதான் என்றாள். முதலில் அதைத் தன் லேப்டாப்பில் இன்னொரு நகல் எடுத்துவிட்டுத்தான் மூச்சு விட்டாள். பிறகு வீட்டு டிஸ்க்கைப் பெட்டிக்குள் பொருத்தி, பெட்டி ஓடத் தேவையானதையெல்லாம் புதிதாக ஏற்றி, பதிவுகளை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவர ஆரம்பித்தாள். அழகுபாண்டிக்கு ஹெட்போனை மாட்டிவிட்டு, ஒவ்வொரு பாடமும் திறக்கிறதா, நடுவில் நிற்காமல் போகிறதா என்று கேட்கச் சொன்னாள். அதுதான் அவள் அவனுக்குக் கொடுத்த மன்னிப்பு. அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாப்பிடக்கூட எழுந்திருக்காமல் கேட்டான்.

சாயங்காலத்துக்குள் நிலையம் திரும்பி வந்துவிட்டது. நாங்கள் வாசித்த புத்தகங்கள் எல்லாம் வந்துவிட்டன. ரோகிணியின் குறிப்புகளும் வந்தன, பாளையக்காரர் பாடத்தைத் தவிர. அது பீரோ டிஸ்க்கில் நகலெடுத்ததற்குப் பிறகு, ஷாஹீதா வராமல் போன திங்கள்கிழமைக்கு முன்னால் பதிந்தது. ஷாஹீதா பெரியவரை மறுபடி மறுபடி மாட்டிப் பார்த்தாள். டிக் டிக்கென்ற சத்தத்தைத் தவிர அவர் வேறு எதையும் தரவில்லை.

ரோகிணியிடம் நான் சொல்கிறேன் என்றேன். தன் வாயால்தான் சொல்ல வேண்டும் என்று ஷாஹீதா பிடிவாதமாக இருந்தாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள். திங்கள்கிழமை தான் வராததையும் சேர்த்தே சொன்னாள். நாளைக்கு வாரேன் என்று மட்டும் சொல்லி ரோகிணி போனை வைத்துவிட்டாளாம்.

மறுநாள் விஜயதசமி. கோயிலுக்குப் போகிற கூட்டத்தில் நசுங்கி, சேலை கசங்கி வந்து சேர்ந்தாள் ரோகிணி. ஷாஹீதா அவளுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். செத்துப்போன டிஸ்க்கைப் பிரித்து உள்ளே இருப்பதை எடுத்துத் தருகிறவர்கள் சென்னையில் இருக்கிறார்கள், இன்றைக்கே ரயிலில் கொண்டுபோகிறேன், தேர்வுக்குள் கிடைத்துவிடும் என்று படபடவென்று பேசினாள். கிடைக்குமா என்று ரோகிணி கேட்டாள். ஷாஹீதாவுக்குப் பொய் சொல்ல வரவில்லை, உறுதியில்லை என்றாள்.

ரோகிணி கோலைத் தட்டிக்கொண்டு நேரே பதிவறைக்குள் போய் மைக்கின் முன்னால் உட்கார்ந்தாள். முடிந்தமட்டும் மறுபடி சொல்லிப் பார்க்கிறேன், விட்டுப்போனதை டீச்சர் புத்தகத்தைப் பார்த்து எடுத்துக்கொடுங்கள் என்றாள். அழகுபாண்டி பதிவைத் தொடங்கினான். நான் பாடப்புத்தகத்தை விரித்து, பென்சிலைக் கையில் எடுத்துக்கொண்டேன். பாதியில் நின்றுவிடுவாள் என்றுதான் நான் நினைத்தேன்.

நிற்கவில்லை. நாட்டைப் பாளையங்களாகப் பிரித்ததிலிருந்து ஆரம்பித்தாள். வரி கேட்டது, கோட்டைகள் விழுந்தது, யாரை எங்கே தூக்கிலிட்டார்கள், எந்த ஆண்டு, யார் யாரோடு சேர்ந்தார்கள், யார் கைவிட்டார்கள் என்று கதை சொல்கிறவள் மாதிரி சொல்லிக்கொண்டே வேலூர்க் கலகம் வரைக்கும் போனாள். ஒரே ஓர் இடத்தில் ஓர் ஆண்டு தவறியது. நான் வாயைத் திறப்பதற்குள் அவளே நிறுத்தி, இல்லை, என்று சரியான ஆண்டைச் சொல்லிவிட்டுப் போனாள். என் பென்சிலுக்கு வேலையில்லை. முப்பது வருஷம் விடைத்தாள் திருத்தியவள் நான், அந்தப் பாடத்துக்கு முழு மதிப்பெண் போட்டிருப்பேன்.

முடித்ததும் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். பதிவறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஷாஹீதா வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அது ரோகிணிக்கு எப்படித்தான் தெரிந்ததோ, அவள் இருந்த பக்கமாகத் திரும்பினாள்.

"அக்கா, சென்னைக்குப் போகாதீங்க. மறந்துருவேன் மறந்துருவேன்னு பயந்துதான் எல்லாத்தையும் பதிஞ்சு வச்சேன்." கொஞ்சம் நிறுத்தினாள். அவளுக்கே அப்போதுதான் விளங்கியது போலச் சொன்னாள். "மறக்கலக்கா."