அனுமதியில்லாமல் கட்டிய ஒரே வீடு

தீயில் போன ஆறு வீடுகளுக்குப் பதிலாகச் சர்க்கார் வீடு கட்டித்தர, நான் ஓவர்சியராக மலைமேல் ஆலத்தூர் நாட்டில் கூடாரம் போட்டு ஏழு மாதம் ஆகிறது.

இன்று விடியலில் தபால் பார்க்க அடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கினேன். யாரிடமாவது இரண்டு வார்த்தை பேசலாம் என்றும்தான்.

நான் அனுப்பிய வீட்டுப் பிளான் மூன்றாம் முறையாகத் திரும்பியிருந்தது. மாட்டுவண்டிப் பாதையின் அகலம் என்ன என்று கேட்கிறார் அனுமதி தரவேண்டிய துரை. இந்த மலைக்கு வண்டியே ஏறாது.

சாயங்காலம் திரும்பி வந்தால், கூடாரத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு புல்வேய்ந்த வீடு!

வீடிழந்தவர்களில் ஒருவரான சடையன் வாசலில் நின்றிருந்தார்.

“கூடாரம் ஒழுகுதுங்களே சாமி. எல்லாருமாச் சேர்ந்து கட்டிப்புட்டோமுங்க.”

“ஒரே நாள்ல முடியும்னா, உங்க வீடுகளை ஏன் கட்டிக்கலை?”

“உத்தரவு வர்ற வரைக்கும் கட்டக் கூடாதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க. உங்க ஊட்டப் பத்தி ஒண்ணும் சொல்லலீங்களே.”

சொல்லிவிட்டு, குடும்பம் ஒதுங்கியிருக்கும் மாட்டுக்கொட்டகைக்குப் போய்விட்டார். அவர் போன பிறகுதான், உள்ளே வாருங்கள் என்று கூப்பிட எனக்குத் தோன்றியது.

ஆக, ஏழு மாதத்தில் எழும்பியது இந்த ஒரு வீடுதான். அதில் இருப்பது நான் ஒருவன்தான்.

இதற்கு எந்த விண்ணப்பப் பாரத்தில் அனுமதி கேட்பது, நண்பர்களே? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

தெரியாதவர்களும் எழுதுங்கள்.