பிடரி செதுக்கிய புலி

"உனக்கு எதுக்குடி அந்தக் கதை? புலியப் பத்தி எழுதணும்னா மிருகக்காட்சிச் சாலைக்குப் போ லா. கிழவி வாயக் கிளறி எடுத்துக்கிட்டு ஊரெல்லாம் போயி ஒப்பிக்கவா?"

போன வாரம் பேத்தியை இப்படித்தான் விரட்டினேன். ரவாங்கில் காலேஜ் படிக்கிறாள். எந்தெந்த நாடு எந்தெந்த மிருகத்தைத் தனக்கு அடையாளமாக வைத்திருக்கிறது, ஏன் வைத்திருக்கிறது என்று எழுதிக்கொண்டு போக வேண்டுமாம். படித்தவர்களுக்கு வேலை இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறுதியானது. வெள்ளைக்காரனுக்குச் சிங்கமாம். நம்ம மலாய் நாட்டுக்குப் புலியாம். இந்தியாவுக்கும் புலிதானாம்.

"வெள்ளைக்காரன் ஊர்ல சிங்கமே இல்ல பாட்டி. அப்புறம் ஏன் வெச்சிருக்கான்?"

"அவன் ஊர்ல ரப்பர் மரமும்தான் இல்ல. வெச்சிருந்தானே?"

அதோடு போயிருக்கலாம். அவள் போகவில்லை. "நம்ம கோயில்ல ஒரு புலிக்கல்லு இருக்கே, அது ரொம்பப் பழசாமே? எங்கேருந்து வந்துச்சுன்னே யாருக்கும் தெரியாதாமே? சின்னத் தாத்தா சொன்னாரு."

சின்னத் தாத்தா என்பது என் புருஷனுடைய தம்பி. அந்த மனுஷன் சொன்ன பொய் என் காதில் விழுந்தால் உடனே எனக்கு உண்மை சொல்லத் தோன்றிவிடும். நல்லெண்ணம் எல்லாம் இல்லை. எரிச்சல். ஆகவே சொன்னேன். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கேயும் சொல்கிறேன். கோயிலுக்குக் கோழி கொடுத்தவர்கள் யாராவது இதைப் படித்தால் என்னைத் திட்டிக்கொள்ளுங்கள். கோழியைத் திருப்பிக் கேட்காதீர்கள்.

கெர்லிங்குக்கும் கலும்பாங்குக்கும் நடுவில் இருந்த ஒரு தோட்டத்துக்குத்தான் நான் வாழ்க்கைப்பட்டு வந்தேன். அப்போது எல்லாம் ரப்பர். மேட்டில் துரை பங்களா. அதன் வாசலில் இரண்டு தூண். ஒவ்வொரு தூண் மேலும் ஒரு சிங்கம், சிமெண்டில் செய்தது, முன்கால் இரண்டையும் நீட்டிப் படுத்திருக்கும். பிடரிமயிர் கழுத்து நிறையப் புரளும். தலையில் கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி ஒரு கிரீடம் வேறு.

பங்களாவுக்கு விருந்தாளி வருகிறார்கள் என்றால் அந்தச் சிங்கங்களுக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். எங்களை வேலை வாங்குகிற மண்டோர் என் கையில் வாளியைக் கொடுத்து ஏணியில் ஏற்றிவிடுவான். வயிற்றில் ஏழு மாதப் பிள்ளையோடும் ஏறியிருக்கிறேன். துரையம்மா வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பல் விட்டுப்போச்சு, காது விட்டுப்போச்சு என்று விரலை நீட்டுவாள். நான் ஏணியில் நிற்பது அவள் கண்ணில் படவே இல்லை, சிங்கத்தின் காது மட்டும் பட்டது. அந்தச் சிங்கத்தின் மூக்குக்குள் எத்தனை மேடு பள்ளம் என்று எனக்குத் தெரியும். அதை எவ்வளவு வெறுத்தேன் என்று அதற்கும் தெரியும்.

பிறகு துரை கப்பலேறினான். தோட்டம் வேறு கம்பெனிக்கு மாறியது. பங்களாவை இடித்தபோது ஒரு சிங்கம் நொறுங்கிப் போயிற்று. இன்னொன்று வால் ஒடிந்து சாக்கடையில் மல்லாந்து கிடந்தது. நான் ஒரு நாள் வேலை மெனக்கெட்டுப் போய் அதைப் பார்த்துவிட்டு வந்தேன். மனசு நிறைந்திருந்தது.

அந்தச் சமயத்தில்தான் நிஜப் புலி ஒன்று கலும்பாங் பக்கக் காட்டிலிருந்து இறங்கிற்று. இரண்டு மாட்டை அடித்தது. விடியற்காலையில் ரப்பர்ப் பால் வெட்டப் போக லயத்து வீடுகளில் எல்லாருக்கும் நடுக்கம். என் புருஷன் தோட்டத்து ஓரத்தில் இருந்த முனியாண்டிக்குப் பூசாரி. சாமி என்றால் ஒரு மரம், ஒரு சூலம், அவ்வளவுதான். புலிக்கு ஒரு புலியைக் காவல் வைத்தால் சரியாகிவிடும் என்று அவருக்குத் தோன்றியது. புலிக்கு எங்கே போவது? சாக்கடைச் சிங்கத்தை நாலு பேர் கயிறு கட்டி இழுத்து வந்து மரத்தடியில் போட்டார்கள்.

"ஏன்யா, என்னைய ஏணியில ஏத்துன சனியன இங்க கொண்டாந்து வெச்சிருக்க? இதையா நான் கும்பிடணும்?" என்று கேட்டேன்.

"இது இனிமே சிங்கமில்ல, பாரு," என்றார். தோட்டத்துப் பள்ளிக்கூடச் சுவரில் நாட்டுச் சின்னம் மாட்டியிருந்தது, இந்தப் பக்கம் ஒரு புலி, அந்தப் பக்கம் ஒரு புலி. "சிங்கம் போயி நாட்டுக்கே புலி வந்துருச்சு. ஒரு கல்லு மாறுனா என்னா?"

மூன்று நாள் உளியை வைத்துத் தட்டினார். முதலில் கிரீடம் போயிற்று. பிறகு பிடரி. கழுத்தெல்லாம் கொத்துக் கொத்தாகக் காயம். லோரிக்கு அடித்து மீந்த மஞ்சள் பெயிண்டும் கொஞ்சம் தாரும் கொண்டுவந்து வரி போட்டது நான்தான். மூஞ்சி மட்டும் எவ்வளவு செய்தும் புலியாகவில்லை. ஆட்டுக்கு உடம்பு சரியில்லாதது போல இருந்தது. ஆனாலும் சேவல் அறுத்தோம், சுருட்டு வைத்தோம், கறுப்புப் பீர் ஊற்றினோம். புலி அப்புறம் வரவில்லை. காட்டை வெட்டி எண்ணெய் எடுக்கிற செம்பனை போட்டுவிட்டார்கள், அது எங்கிருந்து வரும்? பேர் என்னவோ கல்லுக்குப் போயிற்று.

கயிறு இழுத்த நாலு பேரும் செத்துப் போனார்கள். என் புருஷனும் போனார். பழைய ஆட்கள் பிழைப்புத் தேடிப் போனார்கள், மற்ற தோட்டங்களிலிருந்து புதுக் குடும்பங்கள் வந்தன. எண்ணெயும் மஞ்சளும் குங்குமமும் ஏறி ஏறிக் கல்லுக்கு எருமைத் தோல் மாதிரி ஒரு தோல் வந்துவிட்டது. பிள்ளைகளுக்கு அங்கேதான் முடி இறக்கினார்கள். பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி பன்னிரண்டு வருஷம் பிள்ளை இல்லாமல் இருந்து, அந்தக் கல்லைச் சுற்றி வந்துதான் பெண் பெற்றாள். சிமெண்டு என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். தினமும் விளக்கு வைப்பவளும் நான்தான். எதை நினைத்து வைத்தாய் என்று கேட்காதீர்கள். கை பழகிவிட்டது, என் புருஷன் உட்கார்ந்த இடம், அவ்வளவுதான்.

சில வருஷத்துக்கு முன்னால் தோட்டத்தை வீடு கட்டுகிற கம்பெனிக்கு விற்றார்கள். லயங்களை இடித்து எங்களுக்குப் பக்கத்திலேயே சின்ன வீடுகள் கொடுத்தார்கள். மரத்தடி வழியாக ரோடு வர வேண்டும். கம்பெனி ஆள் வந்து எல்லார் முன்னாலும் சொன்னான்: "சாமிக் கல்லு இருக்கிற வரைக்கும் ரோட்டை வளைச்சுப் போடுறோம். கல்லை நீங்களா எடுத்துட்டா இடத்தைச் சமமாக்கிடுவோம்." நியாயமான பேச்சு. கல் அசையாமல் இருந்தால் இடம் நமக்கு. ஒரு சின்னப் பிள்ளைக்குக்கூட விளங்கும்.

என் கொழுந்தனுக்கு விளங்கவில்லை. எங்கேயோ தூரத்துத் தோட்டத்து ஆபிசில் கணக்கு எழுதுகிற கிராணியாக இருந்து ஓய்வு பெற்று ரவாங்கில் உட்கார்ந்திருந்தவர். வேறு யாரும் வராததால் கோயில் கமிட்டிக்குத் தலைவர் ஆனார். அந்த வருஷம் எல்லாரும் பஸ் பிடித்துக் கோலசிலாங்கூர் போனோம். மலை மேல் பழைய பீரங்கி, கோட்டைச் சுவர், குரங்குக் கூட்டம். ஒரு குரங்கு நேராக வந்து தலைவர் கையிலிருந்த கடலையைப் பிடுங்கிக்கொண்டது. அவருக்கு அதுகூடத் தெரியவில்லை. அங்கே ஒரு கல், முந்தின காலத்தில் தலை வெட்டின கல்லாம். அதற்கு வேலி, அதற்கு ஒரு பலகை, அதைப் படம் பிடிக்கச் சனம்.

திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அண்ணி, அந்தக் கல்லுக்குப் போர்டு இருக்கு. நம்ம கல்லுக்கு என்னா குறைச்சல்?"

"கல்லுக்கு ஒரு குறைச்சலும் இல்ல தம்பி. நம்மளுக்குள்ளதான் யாருக்கோ."

அவர் கேட்பாரா? வீட்டுக்குப் போய்ப் பழம்பொருள் பார்க்கிற ஆபிசுக்குக் கடிதம் எழுதினார். சோழ ராஜா கடாரத்துக்குப் படையோடு வந்தபோது வழியில் தன் புலிச் சின்னத்தை இங்கே நட்டுவிட்டுப் போனானாம். ஆயிரம் வருஷமாம். மர்மமாம்.

"அங்க வடக்க கடாரத்துக்கு வந்தவன் இங்க கெர்லிங்குக்கு எதுக்குத் தம்பி வந்தான்? பால் வெட்டவா?"

"உங்களுக்குச் சரித்திரம் தெரியாது அண்ணி. சும்மா இருங்க லா."

சும்மாதான் இருந்தேன். ஒரு சனிக்கிழமை காலை ஆபிசிலிருந்து ஒரு மலாய்க்காரப் பெண் வந்து இறங்கினாள். பின்னாலேயே ஒரு லோரி, பளு தூக்குகிற இரும்புக் கொக்கியோடு. லோரியைப் பார்த்ததும் என் வெற்றிலை கசந்தது. ஊரையே கூட்டி வைத்திருந்த தலைவர் அவளுக்கு மாலை போட்டார், குனிந்தார், கல்லின் கழுத்தைக் காட்டினார். "பாருங்க, அந்தக் காலத்து உளி! இப்ப உள்ளவன் எவனும் இப்படிச் செதுக்க முடியாது!" என் புருஷன் உளியால் கட்டை விரலை நசுக்கிக்கொண்டு கத்திய கத்தல் எனக்கு ஞாபகம் வந்தது.

அந்தப் பெண் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு மலாயில் சொன்னாள். பழசாக இருந்தாலும் இருக்கலாம். பட்டணத்துக்குக் கொண்டுபோய்ச் சோதிக்க வேண்டும். பழசு என்றால் அங்கேயே கண்ணாடிக்குள் வைப்போம். சோதனைக்கு ஒரு வருஷமும் ஆகலாம், மேலேயும் ஆகலாம்.

கூட்டம் கைதட்டிற்று. நான் தலைவரை மரத்துக்கு அந்தப் பக்கம் இழுத்தேன்.

"ஏன் தம்பி, இதைத் தூக்கிட்டா நாளைக்கு ரோடு எங்க வரும்?"

"சரித்திரத்துல எடம் கெடைக்குது அண்ணி. ஒரு மரத்தடியப் போயி பெருசா பேசுறீங்க?"

"உங்க அண்ணன் உக்காந்த எடம்யா."

"அண்ணன் கும்பிட்ட சாமி மியூசியத்துல உக்காரப் போகுது. கீழ போர்டுல கமிட்டித் தலைவர் பேரும் போடுறாங்களாம்."

கடைசி வார்த்தையில்தான் எனக்குப் பூரா விஷயமும் புரிந்தது. கன்னத்தில் ஒன்று விட்டிருப்பேன், ஊர்ப் பிள்ளைகள் நின்றார்கள்.

எல்லார் முன்னாலும் உண்மையைச் சொன்னால் கல் தங்கிவிடும். ஆனால் அந்தப் பன்னிரண்டு வருஷக்காரி நெய் விளக்கோடு முன்வரிசையில் நின்றாள், இடுப்பில் பெண் பிள்ளை. அவளிடம் போய், நீ துரை வாசல் பொம்மையைச் சுற்றினாயடி என்று எந்த வாயால் சொல்வேன்? சொல்லாவிட்டால் கொக்கி இறங்கிவிடும்.

"தம்பி, வந்தவங்கள வெறும் வயித்தோட அனுப்புற குடும்பமா நம்மது? வீட்டுப் பக்கத்து மண்டபத்துல ஆக்கி வெச்ச சோறு போடுங்க. சனத்தையும் கூட்டிக்கிட்டுப் போங்க, தலைவரு முன்னால நின்னாத்தான மரியாதை," என்றேன். மரியாதை என்ற சொல் போதும். முன்னால் நடந்தார். சோறு என்ற சொல்லுக்குக் கூட்டம் பின்னால் போயிற்று.

அந்தப் பெண் மட்டும் அளவெடுத்துக்கொண்டு நின்றாள். கையைப் பிடித்துக் கல்லுக்குப் பின்பக்கம் கூட்டிப்போனேன். பாக்குவெட்டியை எடுத்து வால் ஒடிந்த இடத்தில் சுரண்டினேன். குங்குமம் போயிற்று, மஞ்சள் போயிற்று, தார் போயிற்று. சிமெண்டு வந்தது. அதற்குள்ளிருந்து துருப்பிடித்த கம்பி ஒரு விரல் நீளத்துக்கு எட்டிப் பார்த்தது.

அவள் கம்பியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "இது என்ன மாச்சிக்?" என்றாள். அவர்கள் பாஷையில் பெரியம்மா.

எனக்குத் தெரிந்த மலாயில் எல்லாவற்றையும் சொன்னேன். தூண், ஏணி, வாளி, வயிற்றுப் பிள்ளை, சாக்கடை, உளி. அவள் பைலின் மேல் அச்சடித்திருந்த நாட்டுச் சின்னத்தில் விரலை வைத்தேன். "உங்க புலிக்குப் பிடரி இல்லையில்ல? அதனால எங்க வீட்டுக்காரரு இதுக்கும் எடுத்துட்டாரு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு சிரிப்பு நின்றது. "இவ்வளவு பேரும் இது தெரியாமலா கும்பிடுகிறார்கள்?"

"ஆமா. நீ உன் ஆபிசுல என்னா வேணாலும் எழுதிக்க. இங்க வாயத் தெறக்காத. இந்தக் கல்லு நகர்ந்தா எடம் போயிடும்."

அவள் குனிந்தாள். தன் விரலாலேயே குங்குமத்தை வழித்து அந்தக் கம்பியை மூடினாள். அந்த ஒரு காரியத்துக்காக அவளை மனசுக்குள் திட்டுவதை நிறுத்திக்கொண்டேன். மண்டபத்துக்குப் போய்த் தலைவரிடம் இரண்டே வார்த்தை சொன்னாள்: எங்கள் வேலைக்குள் வராது, இருந்த இடத்திலேயே இருக்கட்டும். காரில் ஏறினாள். லோரி வெறும் லோரியாகப் போயிற்று.

தலைவர் முகத்தில் சோற்றுப்பருக்கை ஒட்டியிருந்தது. "அண்ணி, அதுகிட்ட என்னா சொன்னீங்க?"

அக்கம்பக்கத்துச் சனம் முழுதும் என்னைச் சுற்றிக்கொண்டது. பன்னிரண்டு வருஷக்காரி என் முந்தானையையே பிடித்துவிட்டாள். "சொல்லுங்க அத்தை, சாமிக்கு ஏதும் குத்தமா?"

"நான் என்னத்தச் சொன்னேன்? எனக்குப் படிப்பா இருக்கு? பின்னால போயி அதுதான் தொட்டுப் பாத்துச்சு. தொட்டதும் மூஞ்சி மாறிப்போச்சு. ஆயிரம் வருஷம்னு எழுதுனது தப்பாம். அதுக்கும் மேலயாம், கணக்குக்கே வராதாம், அதத் தூக்குற லோரி இந்த நாட்டுலயே இல்லயாம். வயசக் கொறச்சு எழுதிட்டாங்கன்னு சாமிக்கு ரொம்பக் கோவமாம். அதனால எழுதுனவரு மூணு வெள்ளிக்கெழம ரவாங்குலேருந்து வந்து, மரத்தடிய அவரு கையாலயே கூட்டிப் பெருக்கணுமாம்."