அத்தை காரின் மூன்று மீட்டர்கள்

காபி டம்ளரின் வாயைச் சுண்ணாம்பில் தொட்டு, மாமாவின் கார் டேஷ்போர்டில் அத்தை மூன்று தடவை அழுத்தினார். மூன்று வெள்ளை வட்டங்கள் விழுந்தன. சீமையிலிருந்து வந்த மரப்பலகை அது. மாமா உயிரோடு இருந்தவரை வாரத்துக்கு ஒருமுறை தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைப்பாராம். "இதுல அறுங்க பாய்" என்றார் அத்தை. பேகம்பூர் மெக்கானிக் பாய் ரம்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். மருமகளாகி அந்த வீட்டுக்கு வந்து ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்த நான் என்ன சொல்ல முடியும்? நானும் பாயைப் பார்த்தேன். "பலகைக்குக் கீழ தனியா ஒரு கட்டை வச்சு மாட்டிருவோம்மா, அய்யா வச்சிருந்த பலகைய எதுக்குக் கெடுக்கணும்" என்று பாய் இழுத்தார். "கீழ வச்சா குனிஞ்சு பாக்கணும். குனிஞ்சு பாத்துக்கிட்டா வண்டி ஓட்டுவாங்க? கண்ணுக்கு நேரா வையுங்க. அய்யா வந்து கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்" என்றார் அத்தை. மாமா இறந்து அப்போது நான்கு வருடம் ஆகியிருந்தது.

அத்தை என்றால் என் மாமியார். ஐம்பதுகளின் கடைசியில் நடந்தது இது. எங்கள் வீடு திண்டுக்கல் டவுனில். நிலமும் தென்னந்தோப்பும் ஒட்டன்சத்திரம் பக்கம், இருபது மைல் தள்ளி. என் கணவர் பட்டாளத்தில் இருந்தார், வருடத்துக்கு ஒருமுறை வருவார். மாமா போன பிறகு அவருடைய அண்ணன், எனக்குப் பெரிய மாமா, தோப்பை "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஆரம்பித்தார். முதலில் காய் வெட்டை மட்டும் பார்த்துக்கொண்டார். பிறகு ஆட்களையும், அதற்குப் பிறகு தோப்பையே பார்த்துக்கொண்டார். பஸ்ஸில் போய் இறங்கினால் அத்தை நாலு மைல் நடக்க வேண்டும், அவருக்கு மூட்டுவலி. பெரிய மாமா மனது வைத்து வண்டி அனுப்பினால் தன் தோப்பைத் தானே பார்க்கலாம், இல்லாவிட்டால் இல்லை. இரண்டு வருடம் அவர் மனது வைக்கவில்லை. அப்போதுதான் அத்தை, குடோனில் செங்கல் மேல் நின்றுகொண்டிருந்த அந்தப் பழைய காரை வெளியே இழுக்கச் சொன்னார். பின் சீட்டில் கோழி முட்டையிட்டிருந்தது. அத்தை முட்டையை என்னிடம் கொடுத்துவிட்டுக் காரைப் பாயிடம் ஒப்படைத்தார்.

அத்தைக்கு ஓட்டத் தெரியும். மாமா இருந்தபோதே பழகி லைசென்ஸும் வாங்கியிருந்தார். அதற்குப் பிறகு வந்த ஒரு விஷக் காய்ச்சலில் இடது காது முழுக்கப் போய்விட்டது, வலது காது பாதி. பெரிய மாமா அதைத்தான் பிடித்துக்கொண்டார். நல்ல டிரைவர் என்றால் எஞ்சின் சத்தத்தை வைத்தே அதன் உடம்பைச் சொல்லிவிடுவான் என்பது அந்தக் காலத்தில் ஊரே நம்பிய விஷயம். லாரி டிரைவர்கள் டீக்கடையில் இதைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். "எஞ்சின் பேசுறது காதுல விழணும். இடி விழுந்தாலே யாரு கதவத் தட்டுறதுன்னு கேக்குறவ, வண்டி ஓட்டப் போறாளாக்கும்" என்றார் பெரிய மாமா. அத்தை இதற்குச் சொன்ன பதில்தான் அந்த மீட்டர்கள். காதில் விழவேண்டியது கண்ணில் விழட்டும் என்று முடிவு செய்துவிட்டார். அவ்வளவு எளிமையான ஒரு யோசனை அந்த வீட்டு ஆண்களுக்கு ஏன் அத்தனை எரிச்சலைக் கொடுத்தது என்பது எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. விளங்கவில்லை என்று மரியாதைக்குச் சொல்கிறேன்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தம்பி மனைவியோடு நேருக்கு நேர் பேசுவதில்லை என்பது பெரிய மாமா குடும்பத்து வழக்கம். அத்தையிடம் சொல்லவேண்டியதை அவர் கூடத்துத் தூணைப் பார்த்து என்னிடம் சொல்வார். நான் அதை அத்தையின் வலது காதில் உரக்கச் சொல்ல வேண்டும். அத்தையின் பதிலை வாங்கி அவரிடம் சேர்க்க வேண்டும். இரண்டு பேருடைய சண்டையும் என் வாய் வழியாகத்தான் நடந்தது. பயந்தாங்கொள்ளியான நான் போகும் வழியில் எல்லாவற்றிலும் கொஞ்சம் தண்ணீர் கலந்தேன். இடி விழுந்த பேச்சை, "நீங்க பத்திரமா இருக்கணும்னு சொல்றாங்க அத்த" என்று கொண்டுபோய்ச் சேர்த்தேன். அத்தை, "அவரு வேலையப் பாத்துக்கிட்டுப் போகச் சொல்லு" என்றதை, "யோசிச்சுச் சொல்றாங்களாம்" என்று மாற்றினேன். வீட்டில் சமாதானத்தைக் காப்பாற்றுவதாக எனக்குள் ஒரு பெருமைகூட இருந்தது.

மீட்டர்களைப் பாய், உடைத்து விற்ற பட்டாளத்து லாரிகளிலிருந்து தேடிப் பிடித்து வந்தார். அந்தக் காரில் முதலில் இருந்தது வேகம் காட்டுகிற முள்ளும் பெட்ரோல் முள்ளும்தான். புதிதாக வந்தவை மூன்று. ஒன்று எஞ்சின் தண்ணீரின் சூட்டைக் காட்டும், ஒன்று ஆயில் அழுத்தத்தைக் காட்டும், மூன்றாவது பாட்டரிக்குக் கரண்ட் ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும். சூட்டு மீட்டருக்கு ரேடியேட்டர் வரை போகிற மெல்லிய செம்புக் குழாய் ஒன்று உண்டு. லாரிக்குச் செய்த குழாய் காருக்கு மூன்று மடங்கு நீளமாக இருந்தது. "இத வெட்டுனா மீட்டர் செத்துரும்மா" என்று சொல்லி, பாய் மிச்சத்தை முறுக்குப் பிழிவது போலச் சுருட்டிப் பலகைக்குப் பின்னால் கட்டிவைத்தார். அத்தைக்கு இங்கிலீஷ் எண்கள் தெரியாது. ஆகவே ஒவ்வொரு கண்ணாடியிலும் முள் தாண்டக்கூடாத இடத்தில் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு. "லாரிக்காரனே ரேடியேட்டர் புகைஞ்சாத்தாம்மா நிறுத்துறான்" என்று பாய் சிரித்தார். "புகையுற வரைக்கும் நான் ஏன் காத்துக் கெடக்கணும்?" என்றார் அத்தை. என் பேரனுடைய இன்றைய காரில் சூட்டுக்கு முள்ளே கிடையாது, ஒரு விளக்கு மட்டும்தான். மிஞ்சிப்போன பிறகு எரியுமாம். அத்தை இருந்திருந்தால் டம்ளரையும் சுண்ணாம்பையும் எடுத்துக்கொண்டு வந்திருப்பார்.

இரண்டு மாதம் அத்தை அந்தக் காரில் தோப்புக்குப் போய்வந்தார், நான் பக்கத்தில். ஒரு நாள் மேட்டில் ஏறும்போது சூட்டு முள் கோட்டை நெருங்கியது. ஓரமாக நிறுத்தி, செத்த நேரம் ஆறவிட்டு, குடத்துத் தண்ணீரை ஊற்றிவிட்டுக் கிளம்பினார். கடந்து போன லாரிக்காரர்கள் சிரித்தார்கள். ஒரு மைல் தள்ளி அவர்களில் ஒருவன் புகைந்துகொண்டு நின்றான். அத்தை ஹாரன் மட்டும் அடித்தார், தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே அடித்தார். தோப்பில் ஆட்கள் பழையபடி அத்தையின் முகத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்கள். பெரிய மாமா தூணிடம் பேசுவது குறைந்தது.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது. அரிவாள்மனையிலிருந்து தையல் மிஷின் வரை எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டே வந்த நான், கார் கதவைத் திறந்து ஸ்டியரிங்குக்கு வைத்தேன், ஹாரனுக்கு வைத்தேன். மூன்று மீட்டர்களையும் பார்த்தபோது எனக்கு உண்மையாகவே பக்தி வந்துவிட்டது. அத்தைக்குக் கண்ணும் காதுமாக இருப்பவை இவைதானே. தாராளமாகக் குழைத்து, ஒவ்வொரு கண்ணாடியின் நடுவிலும் அரை ரூபாய் அகலத்துக்குச் சந்தனம் அப்பி, மேலே குங்குமம் வைத்தேன். முள்ளும் சிவப்புக் கோடும் அதற்குள் போய்விட்டன. மறுநாள் விஜயதசமி, தோப்பில் காய் வெட்டு. காலையில் அத்தை ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்ததும் முந்தானையை எடுத்துக் கண்ணாடியைத் துடைக்கப் போனார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "நல்ல நாளும் அதுவுமா பொட்டத் தொடைக்காதீங்க அத்த. தானா உதிரட்டும்." அத்தை என்னைப் பார்த்தார். யாருக்கும் விட்டுக்கொடுக்காத மனுஷி அன்றைக்கு எனக்கு விட்டுக்கொடுத்தார்.

ஆறு மைல் போனதும் முன்பக்கமிருந்து 'டப்' என்று ஒரு சத்தம் வந்தது. எனக்கு நன்றாகவே கேட்டது. சக்கரத்தில் கல் தெறித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். உரக்கக் கத்திச் சொல்ல வேண்டுமே என்ற சோம்பலும் இருந்தது, மறைப்பானேன். அறுந்தது ஃபேன் பெல்ட். ஃபேன் நின்றது, சூடு ஏறியது, பாட்டரிக் கரண்ட் இறங்கியது. இரண்டு முட்களும் சந்தனத்துக்கு அடியில் அதைத்தான் காட்டிக்கொண்டிருந்திருக்கும். இன்னும் மூன்று மைல் போனதும் பானெட்டுக்குள்ளிருந்து ஆவி சீறியது. வண்டி குலுங்கி நின்றது. சிலிண்டர் ஹெட்டில் விரிசல் என்று பாய் பிறகு பார்த்துச் சொன்னார்.

சந்தையில் தக்காளி இறக்கிவிட்டுத் திரும்பிய மாட்டுவண்டிக்காரர் ஒருவர் வண்டியை ஓரமாக விட்டுவிட்டு, மாடுகளை அவிழ்த்துக் காரில் பூட்டினார். வீடு வரை ஒன்பது மைல். அத்தையைப் பஸ் ஏறிப் போகச் சொன்னோம், மறுத்துவிட்டார். "யாராச்சும் ஸ்டியரிங்கப் பிடிக்கணும்ல" என்றார். திண்டுக்கல் கடைத்தெரு முழுக்க வேடிக்கை பார்க்க, முன்னால் இரண்டு மாடுகள் இழுக்க, அத்தை நிமிர்ந்து உட்கார்ந்து காரைத் திருப்பி எங்கள் தெருவுக்குள் கொண்டுவந்தார். வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டது நான்தான்.

விளக்கு வைக்கும் நேரத்துக்குப் பெரிய மாமா வந்துவிட்டார். கூடத்தில் நின்று தூணைப் பார்த்தார். "ஏந்தாயி, உங்க அத்தகிட்டச் சாவிய வாங்கி மேசையில வை. செவிட்டுக் காத வச்சுக்கிட்டு எஞ்சின வெடிக்க விட்டாச்சு. இனிமே தோப்புக்கு நான் போயிக்கிறேன், அவ வீட்டோட கெடக்கட்டும்." சாவி அத்தையின் இடுப்பில் இருந்தது. அது போனால் தோப்பும் போகும் என்பது அந்தக் கூடத்திலிருந்த எல்லோருக்கும் தெரியும். "என்ன சொல்றாரு?" என்று அத்தை என்னைக் கேட்டார்.

வண்டி சரியாகும் வரை சாவியைப் பத்திரமாக வைத்துக்கொள்கிறாராம் என்று வழக்கம்போல் ஒரு பேச்சு என் நாக்கு நுனிக்கு வந்தது. அது வெளியே வரவில்லை. எனக்கு என் மேலேயே அப்படி ஒரு கோபம். அத்தையின் வலது காதருகே குனிந்து, பெரிய மாமா சொன்னதைச் சொன்னபடியே சொன்னேன். செவிட்டுக் காது என்பதையும் விடவில்லை. பிறகு நிமிர்ந்து பெரிய மாமாவைப் பார்த்தேன்.

"பெரிய மாமா, மீட்டரச் சந்தனத்த வச்சு மூடுனது நான். தொடைக்கப் போன கையத் தடுத்ததும் நான். பெல்ட் அறுந்த சத்தம் என் காதுல விழுந்துச்சு, நாந்தான் வாயத் தொறக்கல. அத்த காது ஒரு தப்பும் பண்ணல. சாவியப் பிடுங்கணும்னா காது கேக்குற ஆளுகிட்ட இருந்துதான் பிடுங்கணும்."

பெரிய மாமா தூணை விட்டுவிட்டு, அத்தனை வருட வழக்கத்தையும் விட்டுவிட்டு, நேராக அத்தையைப் பார்த்தார். "மருமகளுக்கு இப்பிடித்தான் பேசச் சொல்லிக் குடுத்திருக்கியா?"

அத்தை அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் சொல்லிக் குடுக்கல. சொல்லிக் குடுத்திருந்தா ஒன்றரை வருசம் முந்தியே பேசியிருப்பா" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ மாத்தி மாத்திச் சொன்னது எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? அவரு தூணப் பாத்துப் பேசுனாலும் உதடு எனக்குத் தெரியுதுல்ல. இன்னைக்குத்தான் ரெண்டும் ஒத்துப் போச்சு." இடுப்புச் சாவியை இன்னும் உள்ளே தள்ளிச் செருகிக்கொண்டார். "போ, ஒரு ஈரத்துணி எடுத்துட்டு வா."

நான் எடுத்து வந்தேன். வாசலில் நின்ற காரின் கதவைத் திறந்தேன். காய்ந்த சந்தனம் எளிதில் விடவில்லை, நகத்தால் சுரண்ட வேண்டியிருந்தது. நல்ல நாளும் அதுவுமாக, பெரிய மாமா பார்த்துக்கொண்டு நிற்க, மூன்று கண்ணாடிகளையும் சிவப்புக் கோடு பளிச்சென்று தெரியும்வரை துடைத்தேன்.