சிவப்பு வாளி மணல்

கிண்ணியாவில் கல்யாணச் சோறு ஆக்கும் இடத்துக்கு ஸுல்பிகா வந்தால் சமையற்காரர் அகப்பையைக் கீழே வைத்துவிடுவார். கிடுகு வேலிக்கு இவ்வளவு கிட்ட ஏன் அடுப்பு, ஈரச்சாக்கு எங்கே, மாப்பிள்ளையின் மாமா சுருட்டை எங்கே எறிந்தார் என்றெல்லாம் விசாரித்த பிறகுதான் நெய்ச்சோற்றின் வாசமே அவள் மூக்கில் ஏறும். பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் உதவியாளராக இருந்து வந்த பழக்கம். அங்கே நெருப்பை அணைக்கச் சிவப்பு வாளியிலும், அமிலம் சிந்தினால் கொட்ட நீல வாளியிலும் மணல் வைத்திருந்தாள்.

உத்தியோகம் மட்டும் நிரந்தரமாகவில்லை. எழுபத்தாறாம் ஆண்டில் மேற்பார்வைக்கு வந்த கல்வி அதிகாரி காசிநாதர் சிவப்பு வாளிக்குள் கைவிட்டுப் பார்த்தார். கடற்காற்றில் மணல் ஈரித்திருந்தது. எரியும் எண்ணெயில் ஈரமணல் விழுந்தால் தெறிக்கும், அடுத்த முறையும் இப்படியென்றால் வேறு ஆளைப் பார்க்க வேண்டிவரும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஸுல்பிகா மணலை வெயிலில் பரப்பினாள். கோழிகள் வந்து கிளறின. கடைசியில் தமையன் பெண்சாதி றம்லாவின் நினைவு வந்தது. வாகனங்களையும் சனங்களையும் அக்கரை சேர்க்கும் 'பாதை' என்ற மிதவை வந்து நிற்கும் துறையடியில், றம்லா மணலில் கச்சான் கடலை வறுத்து விற்பவள். அவளுக்கு நல்ல மணல் வேண்டும், இவளுக்குக் காய்ந்த மணல் வேண்டும். சிவப்பு வாளி வீட்டுக்கு, றம்லாவின் அடுப்படிக்குப் போய்வரத் தொடங்கியது.

மறுவருடம் காசிநாதர் துறையடியில் வாங்கிய கச்சானைக் கொறித்தபடியே வந்தார். தட்டில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தி, அணைக்கச் சொன்னார். ஸுல்பிகா சிவப்பு வாளியைக் கவிழ்த்தாள். நெருப்பு அந்தக் கணமே செத்தது. பிறகு கச்சான் வாசம் எழும்பியது. மணலுக்கு மேலே நாலைந்து கச்சான்கள் தலைகாட்டின.

காசிநாதர் தட்டைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த கடதாசிச் சுருளைப் பார்த்தார். கூட நின்ற பள்ளிக்கூட அதிபர் கூரையைப் பார்த்தார்.

"பிள்ளை, நான் தின்னுறதும் இந்த மணலில வறுத்ததோ?"

"ஓம் சேர்."

"அமிலத்துக்குப் போடுற மணலும்..."

"அது நீல வாளி சேர். நீல வாளி வீட்ட போறல்ல."

காசிநாதர் கதிரையில் அமர்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். முறைப்பாடு எழுதலாம். எழுதினால் சாட்சிப் பொருளில் பாதியைத் தானே தின்றதையும் எழுதவேண்டும். மணல் காய்ந்திருந்தது, நெருப்பு அணைந்தது, இரண்டும் பொய்யில்லை. ஸுல்பிகாவை நிரந்தரமாக்கலாம் என்று கையெழுத்து வைத்தார்.

திரும்பும்போது துறையடியில் றம்லா சுருளை நீட்டினாள். அவர் குனிந்து மெல்லக் கேட்டார்:

"எந்த வாளி?"

"சிவப்பு வாளி சேர். நீலத்தையும் கேட்டுப் பாத்தன், ஸுல்பிகா தாறாளில்ல."

காசிநாதர் இரண்டு சுருள் வாங்கிக்கொண்டு பாதையில் ஏறினார்.