அலீஜ்டு சார்

2002 மார்ச் 11, திங்கட்கிழமை. நான் ஊரைவிட்டுக் கிளம்பிய நாள். விழுப்புரத்தில் எங்கள் எஸ்.டி.டி. பூத்தில் பையோடு நின்றிருந்தேன். சுப்பராயலு மூச்சிரைக்க வந்து, "ஜல்தி பாப்பா, ஆறு மணிக்கெல்லாம் டெஸ்க்ல பக்கத்தை மூடிருவான்" என்று ஒரு தாளை நீட்டினார். அவர் மேலெல்லாம் மண்ணெண்ணெய் வாடை. ஃபேக்ஸில் செருகும்போது படித்தேன். வளவனூர்ப் பக்கம் ஒரு காலனியில் விடியற்காலை குடிசை எரிந்திருந்தது. கூலி உயர்வு கேட்டதற்காக நிலக்காரர்கள் கொளுத்தினார்கள் என்று புகார். தீவைப்பு என்ற சொல்லுக்கு முன்னால் ஆங்கிலத்தில் 'அலீஜ்டு' என்று எழுதியிருந்தார். அதாவது, சொல்லப்படுகிற தீவைப்பு. தாள் போய்ச் சேர்ந்ததும் நான் ரயிலேறினேன்.

சுப்பராயலு ஓர் ஆங்கில நாளிதழின் பகுதிநேர நிருபர். 1993 முதல் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே பஸ்ஸிலேயே வாழ்கிறார். இடம் காலியாக இருந்தாலும் உட்காரமாட்டார். படிக்கட்டருகே நின்று, வழியில் எங்காவது கூட்டம் தெரிந்தால் குதித்துவிடுவார். கக்கத்தில் ஒரு ஜிப் பை. அதற்குள் பாலித்தீன் உறைகளில் அவர் எழுதிய செய்தித் துண்டுகள்.

நிரூபணமாகாததை எழுத அவரிடம் சில சொற்கள் உண்டு. "போலீஸ் கேஸுன்னா அலீஜ்டு. நிலத் தகராறுன்னா டிஸ்ப்யூட்டட். சோ-கால்டு மட்டும் போட்ராத, வக்கீல் நோட்டீஸ் வந்துரும்." பழக்கம் நாக்கிலும் ஏறிவிட்டது. டீக்கடையில், "அலீஜ்டு பால் ஊத்திக்கினு இருக்கான் பாரு" என்பார். ஒருமுறை, இலவசத் திருமணச் செய்தியில் மாப்பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அந்தச் சொல்லைச் சேர்த்துவிட்டார். பெண் வீட்டார் திண்டிவனத்தில் அவரை வளைத்துக்கொண்டபோது, "டெஸ்க் போட்டதுங்க" என்று பத்திரிகை அலுவலகத்தின்மேல் பழியைப் போட்டு நழுவினாராம். ஊருக்கு அவர் அலீஜ்டு சார்தான்.

பத்து ஆண்டுகள் எங்கெங்கோ சுற்றிவிட்டு 2012இல் திரும்பினேன். வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. அவரோடு பஸ்ஸில் போகத் தொடங்கினேன். ஃபேக்ஸ் போய் மின்னஞ்சல் வந்திருந்தது. சொல் மாறவில்லை.

அந்த மார்ச் மாதத் தீயைப் பற்றிக் கேட்டேன். பையிலிருந்து பழுப்பேறிய துண்டை எடுத்தார். எரிந்தது இசைவாணியின் குடிசை. கரும்பு வெட்டுகிறவர். அச்சான செய்தியைச் சுப்பராயலு அவரிடமே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். இசைவாணி ஒரு வாத்தியாரைப் படிக்கச் சொல்லி, பொருள் கேட்டுத் தெரிந்துகொண்டு, துண்டைத் திருப்பி நீட்டினாராம்.

"கொளுத்தினதா சொல்றாங்களாமா? கிருஷ்ணாயில் உன் கால்லயே ஒட்டிச்சே சார்!"

"ஒட்டிச்சும்மா. கோர்ட்டு சொல்லாம நான் எழுத முடியாது. உன் வெளக்குல இருந்து கொட்டிச்சுன்னு எதிராளி சொல்லுவான்."

"அம்மாம் எண்ணெய் இருந்தா நான் ஏன் இருட்டுல குந்திக்கினு கெடக்கறேன்? அந்த வார்த்தைய எடுத்துட்டுக் குடு. அதுவரைக்கும் நீயே வெச்சிக்க."

தீர்ப்பு வந்ததும் எடுத்துத் தருவதாக வாக்குக் கொடுத்தார். வழக்கு வாய்தா வாய்தாவாகத் தள்ளிப்போனது. நீதிமன்ற வாசலில் எதிர்ப்படும்போதெல்லாம் இசைவாணி ஒன்றைத்தான் கேட்பாராம்: "எடுத்துட்டியா சார்?"

"நீங்க பாத்ததைக் கோர்ட்டுல சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"யாரும் கூப்பிடல பாப்பா." துண்டை உறைக்குள் செருகினார். "நானாவும் போகல. நிருபர் கூண்டுல ஏறிட்டா அப்பறம் எவன் நியூஸ் குடுப்பான்?"

நவம்பரில் தீர்ப்பு நாள் வந்தது. அன்றைக்கென்று டெஸ்க்கில் அவரைத் திண்டிவனத்தில் ஒரு கூட்டத்துக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். திரும்பும்போது படிக்கட்டில் கால் மாற்றி மாற்றி நின்றார். நிமிடத்துக்கொரு முறை கைபேசியைப் பார்த்தார். விக்கிரவாண்டி தாண்டியதும் வக்கீலிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. சந்தேகத்தின் பலனை அளித்து அனைவரும் விடுதலை.

இரண்டு முறை படித்தார். பிறகு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். உறையிலிருந்து துண்டை எடுத்துத் தொடைமேல் விரித்தார். பேனாவைத் திறந்து அந்த ஒரு சொல்லை அடித்தார். பஸ் குலுங்கியதில் தாள் கிழிந்தது. கிழிசலை எச்சில் தொட்டு ஒட்டிவிட்டு, "வளவனூர் பஸ் எந்தப் பக்கம்பா நிக்கும்?" என்று கண்டக்டரைக் கேட்டார், விழுப்புரம் பஸ் நிலையத்தில் இருபது வருடமாக ஏறி இறங்கும் சுப்பராயலு.